புல்கெண்டை சாக்கடை குடிக்காது

"குளத்துல களை மண்டிக் கிடக்கா? ரெண்டாயிரம் புல்கெண்டைக் குஞ்சு வாங்கி விடுங்க சார். ஆறே மாசம்... தண்ணி கண்ணாடி மாதிரி ஆயிடும்!"

மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு பக்கம் நீர்நிலைகளைப் பற்றிப் பேச்செடுத்தால் இப்படிச் சொல்ல ஒருவராவது இருப்பார். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் இருப்பார். குளக்கரையில் பொரி வாங்கிப் போட்டுக்கொண்டே சொல்வார். வாட்ஸ்அப் குழுவில் கட்டாயம் இருப்பார். கேட்க இனிக்கும் யோசனைதான். மருந்து அடிக்க வேண்டாம், மெஷின் வேண்டாம், ஆள் கூலி வேண்டாம். மீன் பாட்டுக்குத் தின்னும், குளம் பாட்டுக்குச் சுத்தமாகும். போதாக்குறைக்கு "இயற்கை முறை" என்ற முத்திரை வேறு.

யோசனை முழுப் பொய்யாக இருந்தால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். பாதி உண்மை என்பதால்தான் வம்பு. பாதி உண்மையை வைத்துக்கொண்டு குளத்தில் காசைக் கரைப்பது சுலபம். அதைவிட மோசம், மீன் விட்டாகிவிட்டது என்ற நிம்மதியில் குளத்துக்குள் வரும் சாக்கடைக் குழாயை எல்லோரும் மறந்துவிடுவது. தென் சென்னையில் இந்த யோசனையை எதிர்க்க வேண்டிய முதல் காரணம் அந்தக் குழாய்.

மீனுக்கு முதலில் நியாயம்

புல்கெண்டை மேல் தப்பு இல்லை. சீனாவிலும், ரஷ்யாவின் கிழக்கு எல்லையில் ஓடும் அமூர் ஆற்றிலும் இருக்கும் இனம் அது. 1959-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்து ஒடிசாவின் கட்டாக்கில் அரசு மீன் ஆராய்ச்சிக் குளங்களில் வளர்த்தார்கள். நீளமாக ஓடும் ஆற்றில்தான் முட்டையிடும், குளத்தில் தானாகக் குஞ்சு பொரிக்காது. அதற்கும் வழி இருந்தது. 1957-ல் ஹிராலால் சௌத்ரியும் கே.எச்.அலிகுன்ஹியும் பிட்யூட்டரி சுரப்பிச் சாறை ஊசியில் ஏற்றி இந்தியக் கெண்டைகளைக் குளத்திலேயே முட்டையிட வைத்திருந்தார்கள். (ஜூலை 10 தேசிய மீன் வளர்ப்போர் தினம் ஆனது இதை வைத்துத்தான்.) அதே வித்தை 1962-ல் புல்கெண்டைக்கும் பலித்தது. அதன் பிறகு கட்லா, ரோகு, மிர்கால், வெள்ளிக்கெண்டை, சாதாக்கெண்டை ஆகிய ஐந்தோடு ஆறாவதாக இதையும் சேர்த்து "கூட்டுமீன் வளர்ப்பு" என்று நாடு முழுக்கக் கற்றுக்கொடுத்தார்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் இதை மிஞ்ச ஆள் இல்லை. பல் வாயில் இருக்காது, தொண்டையில் இருக்கும். அங்கே வைத்துப் பச்சைச் செடியை அரைத்துத் தள்ளும். வளர்கிற வயதில், தண்ணீர் நல்ல சூட்டில் இருந்தால், ஒரே நாளில் தன் உடம்பு எடை அளவுக்குத் தின்றுவிடும். சென்னைச் சூட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், வருஷம் பூராவும் பசிதான்.

ஆனால் இதற்கு இரைப்பை கிடையாது. தின்றதில் பாதிக்கும் குறைவாகத்தான் உடம்பில் ஒட்டும். மிச்சம் அரைகுறையாக அரைபட்டு எச்சமாகத் தண்ணீரிலேயே விழும்.

மீன் வளர்க்கும் விவசாயிக்கு இது நஷ்டம் இல்லை, லாபம். அந்த எச்சம் குளத்துக்கு உரம். உரத்தில் நுண்பாசி பெருகும், அதை வெள்ளிக்கெண்டையும் கட்லாவும் தின்று கொழுக்கும். ஒரு வருஷத்தில் வலை போட்டு மொத்தத்தையும் பிடித்துச் சந்தைக்கு அனுப்பிவிடுவார். செடியாகக் குளத்தில் இருந்த சத்து மீனாக மாறி லாரி ஏறி வெளியே போய்விடும். கணக்கு நேர்.

வலை போடாத குளத்தில் இந்தக் கணக்கு என்ன ஆகும்? அங்கேதான் சிக்கல் ஆரம்பம்.

எந்தக் களை?

"களை" என்று ஒரு செடி கிடையாது. தண்ணீருக்குள் மூழ்கி வளரும் ஹைட்ரில்லா, நாஜாஸ், செரட்டோபில்லம் வகையறாக்களை மக்கள் பொதுவாகப் "பாசி" என்பார்கள். மேலே மிதக்கும் பொடி இலை லெம்னா, அசோலா. பெரிதாக மிதப்பது வெங்காயத்தாமரை. பேப்பரில் "ஆகாயத்தாமரை அகற்றும் பணி" என்று போட்டோவோடு வருவது பெரும்பாலும் இந்த வெங்காயத்தாமரைதான். காம்பு வெங்காயம் மாதிரி உப்பியிருக்கும், ஊதா பூ பூக்கும்.

புல்கெண்டைக்கு முதல் வகை அல்வா. இரண்டாவது வகையும் பிடிக்கும். மூன்றாவதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. வேறு எதுவுமே கிடைக்காமல் பட்டினி கிடந்தால் வெங்காயத்தாமரையின் வேரையோ குருத்தையோ கொஞ்சம் கடிக்கும். ஒரு குளத்தையே மூடிக் கிடக்கும் வெங்காயத்தாமரைப் போர்வையைப் புல்கெண்டை தின்று தீர்க்கும் என்பது கலப்படமில்லாத புருடா.

இப்போது சென்னையைப் பாருங்கள். பக்கிங்ஹாம் கால்வாய், அடையாறு, கூவம், ஏரிகள்... எங்கே களை என்று புலம்பினாலும் பத்துக்கு ஒன்பது இடத்தில் வில்லன் வெங்காயத்தாமரை. எந்தச் செடியைத் தின்னாதோ அந்தச் செடி நிறைந்த ஊரில் அந்த மீனை சிபாரிசு செய்கிறார்கள். தலைவலிக்குக் காலில் கட்டுப் போடுவது என்பது இதுதான்.

தின்னும் வகையான ஹைட்ரில்லா பற்றியும் ஒரு செய்தி. புல்கெண்டை புகழ் பரவியதற்குக் காரணமே அமெரிக்காவின் ஹைட்ரில்லா தொல்லைதான். அந்த ஹைட்ரில்லா அங்கே எப்படிப் போனது? 1950களின் தொடக்கத்தில் இலங்கையிலிருந்து மீன்தொட்டி அலங்காரத்துக்காக ஃபுளோரிடாவுக்கு வாங்கிப் போனார்கள். அங்கே அது அந்நியச் செடி, எதிரி இல்லாமல் ஊரை வளைத்தது. இங்கே அது சொந்த ஊர்க்காரன். விரால் அதனடியில்தான் ஒளியும், பனையேறிக் கெண்டைக் குஞ்சு அதற்குள்தான் பிழைக்கும், தும்பி அதில்தான் முட்டையிடும். அமெரிக்காவின் எதிரியை இங்கேயும் எதிரியாக்கி, அங்கே கொடுத்த தண்டனையையே இங்கேயும் கொடுக்கச் சொல்வது காப்பியடிப்பதில்கூட சேர்த்தி இல்லை.

செடிக்குச் சோறு போடுவது யார்?

வெங்காயத்தாமரை தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பூ அழகுக்காக வங்காளத்துக்கு வந்து, ஆறு குளம் வாய்க்கால் எல்லாவற்றையும் அடைத்து, 1936-ல் அதை ஒழிப்பதற்கென்றே தனிச்சட்டம் போடும் நிலைக்குக் கொண்டுவந்து விட்டது. சட்டம் போட்டும் செடி போகவில்லை.

நல்ல சத்துள்ள தண்ணீரில் இரண்டு வாரத்தில் இரட்டிக்கும் செடி அது. ஒரு சின்னக் கணக்கு. குளத்தில் நூற்றுக்கு 99 பங்கு அள்ளியாகிவிட்டது, ஒரே ஒரு பங்கு மூலையில் மிச்சம் என்று வையுங்கள். ஏழு தடவை இரட்டித்தால் 1 என்பது 128 ஆகும். ஏழு தடவைக்கு 14 வாரம். மூன்றரை மாதத்தில் குளம் பழையபடி மூடிவிடும். வருஷா வருஷம் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் மெஷின் இறக்கி அள்ளுவதும், பொங்கல் கழிந்து பார்த்தால் மறுபடி பச்சை விரித்திருப்பதும் ஏன் என்பதற்கு இதுதான் விடை. அள்ளும் ஒவ்வொரு லாரியிலும் 95 சதவீதம் தண்ணீர்தான் போகிறது என்பது தனி வயிற்றெரிச்சல். விதைகளோ சேற்றில் பதினைந்து, இருபது வருஷம்கூடப் பொறுமையாகக் காத்திருக்கும்.

"நல்ல சத்துள்ள தண்ணீர்" என்றால் என்ன? நைட்ரஜனும் பாஸ்பரஸும் நிறைந்த தண்ணீர். இன்னும் பச்சையாகச் சொன்னால், கழிவறையிலிருந்தும் சமையலறையிலிருந்தும் வரும் தண்ணீர். மழைநீர் வடிகாலில் திருட்டுத்தனமாகச் சேர்த்த வீட்டுக் கழிவுநீர் இணைப்புகள் இந்த ஊரில் எத்தனை என்று ஊருக்கே தெரியும். தி.நகரிலிருந்து நந்தனம் வழியாக அடையாற்றில் போய்ச் சேரும் மாம்பலம் கால்வாயை மழை பெய்யாத ஒரு மத்தியான வேளையில் எட்டிப் பார்த்தால் போதும். ஆராய்ச்சிக் கட்டுரை எதுவும் தேவைப்படாது. மூக்கே சொல்லிவிடும்.

வெங்காயத்தாமரை அந்தச் சாக்கடையின் பில். மாசா மாசம் பச்சை நிறத்தில் அச்சடித்து வருகிறது. பில்லைக் கிழித்துப் போட்டால் கடன் தீராது. மீனுக்குப் போட்டாலும் தீராது.

இதையெல்லாம் மீறி, தின்னவே தின்னாத மீன் தின்கிறது என்றே வைத்துக்கொண்டாலும், பாஸ்பரஸ் எங்கே போகும்? செடியிலிருந்து மீனின் குடலுக்கு, குடலிலிருந்து எச்சமாகத் தண்ணீருக்கு, தண்ணீரிலிருந்து மறுபடி செடிக்கு. அதே நோட்டை ஒரு பாக்கெட்டிலிருந்து எடுத்து இன்னொரு பாக்கெட்டில் வைத்துவிட்டு "செலவு பண்ணிட்டேன்" என்று சொல்வது மாதிரி.

மூச்சு விஷயமும் இருக்கிறது. மிதக்கும் செடி போர்வையாக மூடிய தண்ணீரில் வெளிச்சம் இறங்காது, காற்று கலக்காது. சாக்கடையின் கழிவைத் தின்னும் பாக்டீரியா இருக்கிற கொஞ்ச ஆக்சிஜனையும் உறிஞ்சிவிடும். ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நான்கு மில்லிகிராமுக்குக் கீழே ஆக்சிஜன் இறங்கினாலே புல்கெண்டைக்குப் பசி போய்விடும். இன்னும் இறங்கினால் உயிரே போய்விடும். மேளதாளத்தோடு விட்ட குஞ்சு மறுவாரம் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதக்கும். குஞ்சு விட்டபோது எடுத்த போட்டோ பேப்பரில் வரும். மிதந்ததை எடுத்த போட்டோ உள்ளே எங்கேயாவது ஒரு பத்தியாக வரும்.

டெக்சாஸில் நடந்தது

சரி, மீன் தின்னும் செடி, ஆக்சிஜன் உள்ள தண்ணீர், எல்லாம் சரியாக அமைந்தால்? அப்படி அமைந்த இடம் ஒன்று இருக்கிறது. டெக்சாஸ் மாநிலத்தில் லேக் கான்ரோ என்ற நீர்த்தேக்கம், சுமார் 8,100 ஹெக்டேர். ஹைட்ரில்லா படர்ந்ததால் 1981, 1982 வருஷங்களில் 2,70,000 புல்கெண்டைகளை விட்டார்கள். 1983-ல் நீருக்குள் மூழ்கி வளரும் செடி எதுவுமே மிஞ்சவில்லை. மாபெரும் வெற்றி என்று கைதட்டலாம்.

அதன் பிறகு தண்ணீரில் நுண்பாசி கூடியது, தெளிவு குறைந்தது. செடி பிடித்து வைத்திருந்த சத்து மீன் வழியாகத் தண்ணீரில் கரைந்ததுதான் விஷயம். "கண்ணாடி மாதிரி ஆயிடும்" என்ற பில்டப்புக்கு நேர் எதிர். களையைக் கொடுத்துப் பட்டாணிச்சாறு வாங்கிய கதை.

இன்னொரு பாடமும் இருக்கிறது. மீனுக்கு "போதும்" என்று தெரியாது. பாதிக் களையைத் தின்று மீதியை விரால் குஞ்சுக்கு விட்டுவை என்று அதனிடம் சொல்ல முடியாது. அமெரிக்காவிலேயே பிறகு பல மாநிலங்கள் இனப்பெருக்கம் செய்ய முடியாத, மூன்று தொகுதி குரோமோசோம் கொண்ட புல்கெண்டையை மட்டும், அனுமதி வாங்கி, எண்ணி விட வேண்டும் என்று விதி வைத்தன. இங்கே எண்ணிக்கையும் கிடையாது, அனுமதியும் கிடையாது, வண்டி நிறையக் குஞ்சும் ஒரு மைக்கும் போதும்.

கபாலி கோயில் குளத்தில் பொரி போடும் வரை...

மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயில் குளம் ஏறக்குறைய 190 மீட்டர் நீளம், 143 மீட்டர் அகலம். தை மாதத் தெப்பம் அங்கேதான். அதைவிட முக்கியம், சுற்றிலும் உள்ள மாட வீதிகளின் கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும் நீர் இறங்கும் வழி அது. 2003-ல் தமிழகம் முழுக்க மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது பேசப்பட்ட தத்துவத்தைப் பல நூறு வருஷமாகச் செய்துகொண்டிருப்பவை கோயில் குளங்கள். அந்தத் தண்ணீரின் தரத்தில் விளையாடுவது அந்தத் தெருக்களின் குடத்தில் விளையாடுவது.

அங்கே புல்கெண்டை விட்டால் என்ன ஆகும் என்று யோசிக்க விஞ்ஞானி தேவையில்லை. குளக்கரையில் நின்று பார்த்தாலே தெரியும். ஒரு பிடி பொரி விழுந்தால் தண்ணீர் கொதிப்பது மாதிரி மீன்கள் மொய்க்கும். புல்கெண்டைக்குப் புல் பிடிக்கும், ஆனால் சும்மா வரும் பொரியும் தவிடும் இன்னும் பிடிக்கும். சுலபமாகத் தீனி கிடைக்கும் குளத்தில் அது களையை ஒழுங்காகத் தின்னாது என்பது மீன் வளர்ப்பவர்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம். வீட்டில் மூன்று வேளையும் பிரியாணி வந்தால் கீரையைச் சமைத்துச் சாப்பிடுவார்களா?

அடுத்தது, பிடிப்பது. புல்கெண்டை பத்து வருஷத்துக்கு மேல் வாழும், பல கிலோ எடைக்கு வளரும். வயதாக ஆக எடைக்கு ஏற்றபடி தின்பது குறையும். அதனால் பெரியதைப் பிடித்து எடுத்துவிட்டுச் சின்னதை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கோயில் குளத்து மீனை வலை போட்டுப் பிடித்து சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்கு அனுப்ப எந்த நிர்வாக அதிகாரி கையெழுத்துப் போடுவார்? போட்டால் மறுநாள் மாட வீதியில் மறியல். ஆக, விடுவது மட்டும் நடக்கும், எடுப்பது நடக்காது. விவசாயியின் கணக்கில் லாரி ஏறிப் போன சத்து இங்கே குளத்தைவிட்டு ஒருபோதும் வெளியேறாது. பொரியாகவும் புதுச் சத்து தினமும் உள்ளே விழும். கோடையில் தண்ணீர் பாதியாகக் குறையும்போது, பருத்த மீன்கள் மிச்ச ஆக்சிஜனுக்கு அடித்துக்கொள்ளும்.

அடையாற்றில் வேறு கதை. முகத்துவாரத்தை ஒட்டிய கழியில் கடலேற்றத்தோடு உப்பு வந்து போகும். புல்கெண்டை நன்னீர் மீன், உப்பைக் கொஞ்சம்தான் தாங்கும். வெங்காயத்தாமரையும் உப்பைத் தாங்காது. வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு பட்டினப்பாக்கம், பெசன்ட் நகர் மணலில் ஒதுங்கி அழுகுவது அதனால்தான். அங்கே களையைக் கொல்லக் கடலே போதும். அந்தக் களை முளைத்து வந்த மேல்பகுதியிலோ தண்ணீரில் மீன் மூச்சுவிட முடியாது. இரண்டு இடத்துக்கும் நடுவில் புல்கெண்டைக்கு என்ன வேலை?

இதைச் சந்தேகப்படுபவர்கள் வெகுதூரம் போக வேண்டாம். உவர்நீர் மீன்வளர்ப்புக்கான மத்திய ஆராய்ச்சி நிறுவனம் 1987-ல் தொடங்கியது, இருப்பது சாந்தோம் நெடுஞ்சாலையில், அடையாறு முகத்துவாரத்துக்குக் கூப்பிடு தூரத்தில். மாநில மீன்வளத் துறையின் அலுவலகம் நந்தனத்தில், மயிலாப்பூருக்கும் தி.நகருக்கும் நடுவில். கேட்டால் சொல்ல ஆள் உண்டு. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

ஜிலேபி சொல்லும் பாடம்

"வெளிநாட்டு மீனை விட்டுப் பார்க்கலாமே, என்ன ஆயிடப் போகுது?" என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் ஏற்கெனவே பதில் இருக்கிறது. பெயர் ஜிலேபிக் கெண்டை. ஆப்பிரிக்காவின் திலாப்பியா. 1952-ல் மண்டபத்துக்கு வந்தது. ஏழைக்குப் புரதம், குளத்துக்கு வேலைக்காரன், பாசியும் தின்னும் என்றுதான் அப்போதும் சொன்னார்கள். சில வருஷத்திலேயே மத்தியில் விழித்துக்கொண்டு இனிமேல் பரப்ப வேண்டாம் என்றார்கள். அதற்குள் அது அணை, ஏரி, கிணறு எல்லாம் ஏறிவிட்டது. இன்றைக்குச் சென்னையில் உயிர் தாங்கும் எந்தத் தண்ணீரில் தூண்டில் போட்டாலும் முதலில் மாட்டுவது அதுதான்.

நியாயமாகப் பார்த்தால் புல்கெண்டை திலாப்பியா மாதிரி பெருகாது. சென்னையின் குட்டி ஆறுகளில் அதன் முட்டை மிதந்து பொரிக்க வழியில்லை. அந்த அளவுக்கு அது நல்ல பிள்ளை. ஆனால் குஞ்சு வண்டியில் என்னென்ன கலந்து வருகிறது என்பதை யார் சல்லடை போட்டுப் பார்ப்பது? மீன்தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கி, பெரிதானதும் கால்வாயில் கொட்டிய சக்கர் மீன் இன்று சென்னை ஏரிகளில் வலையைக் கிழித்துக்கொண்டு திரிகிறது. அதுவும் பாசி தின்னும் மீன்தான். 2015 டிசம்பரில் அடையாறு கரையை மறந்து ஓடியபோது எந்தக் குளத்து மீன் எங்கே போனது என்று எவருக்கும் கணக்கு இல்லை.

யோசித்துப் பார்த்தால் ஜிலேபியே ஒரு சாட்சி. செடி தின்னும் மீன் ஒன்று எழுபது வருஷமாக இந்த ஊர்த் தண்ணீரில் கோடிக்கணக்கில் நீந்திக்கொண்டு இருக்கிறது. களை குறைந்ததா?

பெங்களூரில் வேறு மாதிரி செய்தார்கள். வெங்காயத்தாமரையை மட்டுமே தின்னும் நியோகெட்டினா என்ற வண்டுகளை 1980களில் வரவழைத்து, வேறு பயிரைத் தொடாது என்று சோதித்துப் பார்த்துவிட்டு ஏரிகளில் விட்டார்கள். சில ஏரிகளில் நன்றாகவே வேலை செய்தது. உயிரியல் முறை என்றால் அதற்கு இப்படி ஒரு ஒழுங்கு உண்டு. எந்தச் செடி, எந்த உயிர், வேறு எதைத் தொடும் என்ற மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகு விடுவது. அப்படியும் சாக்கடை நிற்காமல் வரும் ஏரியில் வண்டு தின்னும் வேகத்தைச் செடி ஜெயித்துவிடும். பெங்களூர் ஏரிகள் இன்று இருக்கும் லட்சணமே அத்தாட்சி.

அப்போ என்னதான் செய்வது?

"குறை சொல்றது ஈஸி, வழி சொல்லு" என்பார்கள். வழி இருக்கிறது, ஆனால் அதில் ரிப்பன் வெட்ட முடியாது.

முதலில், உள்ளே வரும் குழாயை அடைக்க வேண்டும். குழாய் மெட்ரோ வாட்டருடையது, வடிகால் மாநகராட்சியுடையது, கால்வாயும் ஆறும் நீர்வளத் துறையுடையது, கோயில் குளம் அறநிலையத் துறையுடையது. நாலு பேரும் ஒருவர் பக்கம் ஒருவர் கையைக் காட்டுவதற்கு நடுவில் புகுந்துகொள்வதுதான் மீன் யோசனை. யாரையும் பகைத்துக்கொள்ளாத யோசனை என்பதால்தான் எல்லோருக்கும் பிடிக்கிறது.

இரண்டாவது, அள்ளிய செடியைக் கரையிலேயே குவித்து வைக்கக் கூடாது. அழுகி வடியும் சத்து மறுபடி தண்ணீருக்கே போகும். வெளியே கொண்டுபோய் மக்கவைத்தால் எரு. வெங்காயத்தாமரை உறிஞ்சிய பாஸ்பரஸ் குளத்தைவிட்டு நிஜமாகவே வெளியேறும் ஒரே வழி இதுதான். மீனைவிட இந்த லாரி பெரிய வைத்தியர்.

மூன்றாவது, மீன். ஆமாம், மீனும் உண்டு, கடைசியில். கழிவுநீர் நின்று, வெங்காயத்தாமரை போய், தண்ணீர் தெளிந்த பிறகு, நீருக்கடியில் ஹைட்ரில்லா அளவுக்கு மீறி வளர்ந்தால், விராலும் நீர்க்காகமும் விழுங்கிவிடாத அளவுக்கு வளர்ந்த புல்கெண்டைகளை எண்ணி விடலாம். யார் எண்ணினார், எத்தனை, எப்போது பிடித்து எடுப்பார்கள் என்று எழுதி வைக்க வேண்டும். வெள்ளம் வந்தால் வெளியே போகாதபடி மதகில் வலைத்தடுப்பு வேண்டும். கரையில் "பொரி போடாதீர்" என்று பலகை வைத்து, அதை நிஜமாகவே நிறைவேற்றவும் வேண்டும். இத்தனைக்கும் ஒப்புக்கொள்ளும் சங்கம் இருந்தால் தாராளமாக விடட்டும்.

அடையாறு பூங்காவை எடுத்துக்கொள்ளுங்கள். 2011 ஜனவரியில் தொல்காப்பியப் பூங்கா என்ற பெயரில் திறந்த 58 ஏக்கர். அதற்கு முன்னால் கட்டட இடிபாடும் குப்பையும் கொட்டிய இடம். அங்கே ஏதோ ஒரு மாய மீனை விட்டு ஊரை மீட்கவில்லை. குப்பையைத் தோண்டி எடுத்தார்கள், நீருக்குப் பள்ளம் வெட்டினார்கள், அந்த மண்ணுக்கு உரிய செடிகளை நட்டார்கள், பறவை தானாக வந்தது. செலவும் பிடித்தது, வருஷக்கணக்கில் நேரமும் பிடித்தது. குறுக்கு வழி அங்கே யாருக்கும் கிடைக்கவில்லை.

இந்த ஊர் தண்ணீர்ச் செடியை எப்போதும் எதிரியாகப் பார்த்ததில்லை. மயிலாப்பூரிலிருந்து நடக்கும் தூரத்தில் திருவல்லிக்கேணி இருக்கிறது. அல்லி பூத்த கேணி, அதனால் அல்லிக்கேணி. ஒரு குளத்துச் செடியின் பெயரையே பேட்டைக்கு வைத்திருக்கிறார்கள். அந்தப் பார்த்தசாரதி கோயில் குளத்தில் மீனே இருக்காது என்பது ஐதீகம் வேறு! எதிர்ப்பக்கம் தி.நகர். 1920களில் மாம்பலத்தின் நீண்ட ஏரியைத் தூர்த்து எழுப்பிய நகர். மிச்சம் இருப்பது மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்ற பெயர் மட்டும். ஒரு பக்கம் செடியால் பெயர் பெற்ற குளம், இன்னொரு பக்கம் பெயராக மட்டும் மிஞ்சிய ஏரி. நடுவில் இருக்கும் மயிலாப்பூர் குளங்கள் எந்தப் பக்கம் சாயும் என்பதைப் புல்கெண்டை முடிவு செய்யாது. குளத்துக்குள் நீட்டிக்கொண்டு இருக்கும் அந்தக் குழாயை யார் அடைக்கிறார்கள் என்பதுதான் முடிவு செய்யும்.

அடுத்த தடவை யாராவது "ரெண்டாயிரம் குஞ்சு விடுங்க சார்" என்று சொன்னால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "குழாயை எப்போ அடைக்கப் போறீங்க?"